காரில் பெட்ரோல் வாடை: காபித் தூள் மருந்தல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ரங்கூனிலிருந்து எழுதுகிறேன். உங்கள் நாளிதழை இங்கே கைப்பேசியில்தான் படிக்கிறோம். மற்ற நாட்களில் மருமகள் தலைப்புச் செய்திகளை வாசித்துச் சொல்வாள். ஞாயிறு இணைப்பை மட்டும் நானே கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு எழுத்து விடாமல் படிப்பேன். போன வாரம் அதில் வீட்டுக்குறிப்புப் பகுதியில், காருக்குள் பெட்ரோல் வாடை அடித்தால் என்ன செய்வது என்று ஒரு வாசகி எழுதியிருந்தார். காபித் தூளைத் துணியில் முடிந்து சீட்டுக்கடியில் வைக்கவும், வினிகர் தெளிக்கவும், அப்படியும் போகாவிட்டால் வண்டிக்குள் ஒரு ஊதுவத்தியை ஏற்றி வைத்துக் கதவைச் சாத்திவிடவும். முதல் இரண்டால் யாருக்கும் கெடுதல் இல்லை. மூன்றாவதைப் படித்ததும் எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது.

நான் மெக்கானிக் இல்லை. லைன் கார் ஓட்டியவன். டவுன் பஸ்ஸை இங்கே லைன் கார் என்போம். 2017 ஜனவரியில் பழைய லைன்களை எல்லாம் எடுத்துவிட்டு ஒய்பிஎஸ் (யாங்கூன் பஸ் சர்வீஸ்) என்று புது ஏற்பாடு வந்தபோது ஸ்டீரிங்கை விட்டு இறங்கினேன். என் அப்பாவுக்கும் இதே தொழில்தான். இரண்டாம் உலக யுத்தம் முடிந்து ராணுவம் விட்டுப்போன செவ்ரோலே லாரிகளுக்கு மரத்தில் கூடு கட்டி ஜனங்களை ஏற்றிய காலம் அது. அந்த வண்டியில் பெட்ரோல் வாடை அடிக்காவிட்டால்தான் அப்பா கவலைப்படுவார், டேங்க் காலியாகிவிட்டதோ என்று. பெட்ரோலையும் காற்றையும் கலந்து என்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டரில், பெட்ரோல் தேங்கும் சின்னக் கிண்ணத்துக்கு வெளிக்காற்றோடு தொடர்பு உண்டு. என்ஜினை நிறுத்தியதும் அந்தச் சூட்டில் பெட்ரோல் ஆவியாகி வெளியே வந்துகொண்டே இருக்கும். டேங்க் மூடியிலும் மூச்சு விட ஒரு துளை இருக்கும்.

"பெட்ரோல் வண்டின்னா வாடை அடிக்கத்தான் செய்யும்" என்று எங்கள் வயதுக்காரர்கள் சொல்வது அந்த வண்டிகளுக்குப் பொருந்தும். கார்புரேட்டருக்குப் பதில், பம்ப் அழுத்தத்தில் பெட்ரோலைப் பீய்ச்சி அனுப்பும் இன்றைய இன்ஜெக்ஷன் வண்டிக்குப் பொருந்தாது. இதில் டேங்கிலிருந்து என்ஜின் வரை எல்லாம் இறுக்கி மூடிய ஏற்பாடு. டேங்குக்குள் எழும் ஆவிகூட ஒரு கரி டப்பாவுக்குள் போய் ஒட்டிக்கொள்ளும். வண்டி ஓடும்போது ஒரு வால்வு திறக்க, என்ஜின் அந்த ஆவியை உறிஞ்சி எரித்துவிடும். கலிபோர்னியாவில் 1970ஆம் ஆண்டு மாடலிலிருந்தே ஆவியைத் தடுக்கும் ஏற்பாட்டைக் கட்டாயமாக்கிவிட்டார்கள். ஆகவே ஒழுங்காக இருக்கும் இன்ஜெக்ஷன் வண்டிக்குள் வாடை என்ற பேச்சே கூடாது. அடித்தால் எங்கோ ஒழுகுகிறது, அல்லது உள்ளே எதையோ ஏற்றி வைத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

இந்த ஏற்றி வைக்கும் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இங்கே கரண்ட் போவது அன்றாடப் பாடு. வீட்டுக்கு வீடு சின்ன ஜெனரேட்டர். அதற்கு டாட்சி (பெட்ரோலை இங்கே அப்படித்தான் கேட்டு வாங்குவோம்) கேனிலோ தண்ணீர்ப் பாட்டிலிலோ வாங்கி டிக்கியில் போட்டுக்கொண்டு வருவார்கள். ஜப்பானிலிருந்து வந்த பழைய ஸ்டேஷன் வேகன்கள்தான் எங்கள் ஊரில் பாதி. அவற்றில் டிக்கி என்று தனியறை கிடையாது. பின்சீட்டு முதுகுக்குப் பின்னால் திறந்த இடம்தான். வெயிலில் பாட்டில் உப்பும், மூடி வழியாக ஆவி கசியும், பின்சீட்டில் குழந்தை உட்கார்ந்திருக்கும். வாடை அடித்தால் முதலில் பார்க்க வேண்டியது இதை. கேனை இறக்கிவிட்டு, அது வைத்திருந்த இடத்து விரிப்பையும் எடுத்து வெயிலில் போட்டு, கதவுகளைத் திறந்து வைத்து, பிறகும் அடிக்கிறதா என்று பாருங்கள். பல வீடுகளில் கதை இத்தோடு முடிந்துவிடும்.

எங்கள் வீட்டில் முடியவில்லை. மகன் வாங்கிய வண்டியும் அப்படி ஒரு வேகன்தான், உள்ளே கேன் எதுவும் இல்லை. பீலிக்கான் கோயிலுக்குக் குடும்பத்தோடு கிளம்பினோம். வழியில் டேங்கை நிரப்பிக்கொண்டு, ஏசியைப் போட்டுக் கண்ணாடிகளை ஏற்றிவிட்டுப் போனோம். கொஞ்ச தூரத்தில் பேத்தி "தாத்தா, தலை வலிக்குது" என்றாள், பிறகு வாந்தி எடுத்தாள். மருமகள், "மாமா, டாட்சி வாடை அடிக்குது, உங்களுக்குத் தெரியலையா?" என்றாள். முன்சீட்டில் இருந்த எனக்கும் மகனுக்கும் ஒன்றும் தெரியவில்லை. தினமும் அந்த வண்டியில் போகிறவனுக்கு மூக்கு பழகிப்போய் வாடை தெரியாது. இதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. உங்கள் வண்டியில் வாடை இருக்கிறதா என்று அறிய, அதில் ஏறாத ஒருவரைக் கூப்பிட்டு, இரவெல்லாம் பூட்டிக் கிடந்த வண்டியின் பின்கதவைத் திறக்கச் சொல்லி முகத்தைப் பாருங்கள்.

மகன் கொண்டுபோய் விட்ட ஒர்க்ஷாப்பில் டேங்க் மூடியை மாற்றினார்கள். மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் வாடை வரும் என்பது உண்மைதான். மலிவான சாமான், அதை முதலில் மாற்றுவதில் குற்றம் இல்லை. ஆனால் அந்த வாடை வண்டிக்கு வெளியே, டேங்க் மூடி இருக்கிற பக்கத்தில் அடிக்கும். எங்களுக்கு அடித்தது உள்ளே. மறுபடி போய்ச் சொன்னதற்கு டேஷ்போர்டில் ஒட்டும் சென்ட் ஒன்றைக் கொடுத்து அனுப்பினார்கள். இப்போது வண்டிக்குள் ரோஜாவும் பெட்ரோலும் சேர்ந்து அடித்தன. அதற்கு வெறும் பெட்ரோலே தேவலை.

வாடையைக் கண்டுபிடிக்க மூக்கு மட்டும் போதாது, அது எப்போது அடிக்கிறது என்று கணக்கு வைக்க வேண்டும். மருமகளை அதைக் கவனிக்கச் சொன்னேன். டேங்க் நிரப்பியதும் பலமாக அடிக்கிறது. முள் பாதிக்குக் கீழே இறங்கியதும் போய்விடுகிறது. மறுபடி நிரப்பினால் மறுபடி வருகிறது. இது தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. என்ஜின் பக்கத்தில் கசிவு என்றால் டேங்கில் எவ்வளவு இருக்கிறது என்பது அதற்கு ஒரு பொருட்டே இல்லை. பம்ப் அழுத்தும் வரை ஒழுகும். பெரும்பாலான இன்ஜெக்ஷன் வண்டிகளில் அந்தக் குழாயில் சுமார் 3 பார், அதாவது நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தைப் போல மூன்று மடங்கு அழுத்தம் இருக்கும். அந்த வாடை வண்டி ஓடும்போது, முன்கண்ணாடிக்கு அடியில் காற்று நுழையும் வழியாக ஏசியோடு சேர்ந்து முன்பக்கம் அடிக்கும். டேங்க் நிறைந்திருக்கும்போது மட்டும் பின்சீட்டில் அடிக்கிறது என்றால், ஓட்டை அந்தச் சீட்டுக்கு அடியில் இருக்கும் டேங்கின் தலையில்தான்.

என்னோடு லைன் காரில் கண்டக்டராக இருந்தவரின் தம்பி வீட்டோடு வைத்து வண்டி பார்க்கிறார். பர்மியர், கைராசிக்காரர், சயா (ஆசான்) என்று கூப்பிடுவோம். வாயில் எந்நேரமும் சுருட்டு இருக்கும். வண்டியை நிறுத்தியதும் நான் சொன்ன முதல் வார்த்தை, "சயா, சுருட்டு வாசலுக்கு வெளியே" என்பதுதான். சிரித்துக்கொண்டே போய் அணைத்துவிட்டு வந்தார். பெட்ரோல் மைனஸ் 40 டிகிரி அளவிலேயே தீப்பிடிக்கிற ஆவியை விட ஆரம்பிக்கும் சரக்கு. ரங்கூன் வெயிலில் கேட்கவே வேண்டாம். அந்த ஆவி காற்றைவிடப் பல மடங்கு கனம்; மேலே போகாது, தரையோடு படுத்துத் தவழ்ந்து போய் எங்கோ தூரத்தில் இருக்கும் நெருப்பைத் தொடும். காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு கலந்தாலே பற்றிக்கொள்ளும். பூட்டிய காருக்குள் ஊதுவத்தி ஏற்றத் தீக்குச்சியை உரசலாமா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

சயா அவசரப்படவில்லை. வண்டியைக் கூரை இல்லாத முற்றத்துக்குத் தள்ளிக்கொண்டு போனோம். பம்ப்புக்கான பியூஸைப் பிடுங்கிவிட்டு, என்ஜின் தானாக நிற்கும் வரை ஓடவிட்டார். குழாயில் இருக்கும் அழுத்தம் இறங்குவதற்கு. பிறகு பேட்டரியின் நெகடிவ் வயரைக் கழற்றி ஓரமாகக் கட்டினார். டேங்கில் கால்வாசிதான் இருந்தது. நிறைந்த டேங்கைத் திறக்கக்கூடாது என்று முன்பே சொல்லி அனுப்பியிருந்தார். பவுடர் நிரப்பிய தீயணைப்பான் ஒன்று கைக்கு எட்டும் இடத்தில் நின்றது. குண்டு பல்பு போட்ட தொங்கு விளக்கை அவர் பையன் எடுத்துவர, அதைத் திருப்பி அனுப்பிவிட்டார். உடைந்தால் அந்த ஒரு இழையே போதும்.

பின்சீட்டு மெத்தையை முன்னோரத்தில் இரண்டு பக்கமும் பிடித்துச் சுண்டி மேலே தூக்கினால் கொக்கி விட்டு வந்துவிடும். கீழே பேத்தியின் பிஸ்கட் தூள், ஒரு ஹேர்பின், மடிந்த ஐம்பது கியாட் நோட்டு. விரிப்பை விலக்கினால் வட்டமான தகர மூடி, சுற்றிலும் கருப்புப் பிசின். அந்தப் பிசின் ஒரு பக்கம் மட்டும் புதிதாக, விரல் வைத்து அழுத்திய தடத்தோடு இருந்தது. "இதை யாரோ திறந்திருக்காங்க" என்றார் சயா. மூடியை நெம்பித் தூக்கியதும் வந்த வாடையில் எல்லோரும் ஓரடி பின்னால் போனோம்.

உள்ளே, டேங்குக்குள் இறக்கி வைத்திருக்கும் பெட்ரோல் பம்ப்பின் தலை தெரிந்தது. பல வருடத் தூசி, செம்மண் நிறத்தில், சுற்றிலும் உலர்ந்து படிந்து கிடந்தது. ஆனால் வலது பக்கம் ஒரு பிறை அளவுக்குத் தூசி கருத்து ஈரமாக, எண்ணெய்ப் பிசுக்கு மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. சயா வாயைத் திறக்கவில்லை, ஸ்குரூ டிரைவரின் முனையால் அந்த ஈரத்தைத் தொட்டு என்னிடம் நீட்டினார். போல்ட்டுகளைக் கழற்றிப் பம்ப்பை அசைத்து எடுத்ததும் குற்றவாளி அகப்பட்டது. டேங்குக்கும் பம்ப்புக்கும் நடுவில் உட்கார வேண்டிய ரப்பர் பேக்கிங், ஒரு பக்கம் பள்ளத்தை விட்டு விலகி, தகட்டுக்கு நடுவில் நசுங்கிக் கிடந்தது. எங்களுக்கு முன்னால் வண்டி வைத்திருந்தவர்கள் எப்போதோ பம்ப்பை மாற்றியிருக்கிறார்கள். மாற்றியவர் பழைய பேக்கிங்கையே திரும்பப் போட்டிருக்கிறார். பெட்ரோலில் ஊறிய ரப்பரை வெளியே எடுத்தால் கொஞ்சம் பெருத்துவிடும், பழைய பள்ளத்தில் மறுபடி ஒழுங்காக உட்காராது. புதுப் பம்ப்புக்குச் செலவழித்தவர்கள் ஒரு ரப்பர் வளையத்தில் மிச்சம் பிடித்திருக்கிறார்கள்.

புதுப் பேக்கிங் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கிடைத்தது. கடைக்காரர், "சிலிகான் பசை கொஞ்சம் தடவிக்குங்க, கெட்டியா பிடிக்கும்" என்றார். சயா அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. சாதாரண சிலிகான் பசை பெட்ரோல் பட்டால் ஊதிக் கொழகொழத்துப்போகும், துண்டுதுண்டாக டேங்குக்குள் விழுந்து பம்ப்பின் வலையை அடைக்கும். பள்ளத்தைத் துணியால் துடைத்து, பேக்கிங்கை வெறுமனே உட்கார வைத்து, போல்ட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினார். மேலே இருந்த ஹோஸின் கிளிப்பையும் மாற்றினார். எல்லாவற்றையும் மூடுவதற்கு முன் பேட்டரி வயரை மாட்டி, பியூஸைப் போட்டு, என்ஜினை ஓடவிட்டு, அந்த இடத்தை வெள்ளைக் காகிதத்தால் ஒற்றிப் பார்த்தோம். ஈரம் இல்லை. டேங்கை நிரப்பி, இரவு முழுக்கப் பூட்டி வைத்து, காலையில் அடுத்த வீட்டு அக்காவை அழைத்துக் கதவைத் திறக்கச் சொன்னேன். "ஏன் அண்ணே, என்ன வைச்சிருக்கீங்க உள்ளே?" என்று எட்டிப் பார்த்தாரே தவிர, மூக்கைப் பொத்தவில்லை.

எல்லோருக்கும் இதேதான் என்று சொல்ல மாட்டேன். ஹோண்டா பிட் மாதிரியான வண்டியில் டேங்க் முன்சீட்டுக்கு அடியில் இருக்கும். பின்சீட்டைத் தூக்கினால் ஒன்றும் கிடைக்காது. பானெட் பக்கம் அடித்தால் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரின் ஓரிங் என்ற ரப்பர் வளையம், ரப்பர் ஹோஸ், அதன் கிளிப் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ஹோஸை எலி கடித்திருப்பதையும் பார்த்திருக்கிறேன், எங்கள் ஊர் எலிக்கு ரப்பர் என்றால் பிரியம். சிலென்சர் வழியாக அடித்தால் என்ஜின் பெட்ரோலை முழுதாக எரிக்கவில்லை. அது வேறு வைத்தியம். டேஷ்போர்டில் என்ஜின் விளக்கு எரியவில்லையே என்று தைரியமாக இருக்க வேண்டாம். எங்கள் வண்டியில் கடைசி வரை எரியவே இல்லை.

கரி டப்பாவைப் பற்றி மட்டும் கொஞ்சம் கூடச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதைக் கெடுப்பது நாமே. பெட்ரோல் கிடைக்குமோ கிடைக்காதோ என்ற நாட்களில் வரிசையில் நின்று முறை வந்ததும், வாய் வரை ஊற்றச் சொல்கிறோம். பங்க் பையனும் பெட்ரோல் போடும் துப்பாக்கி டக்கென்று நின்ற பிறகு, பணத்தை முழுத்தொகையாக்க இன்னும் இரண்டு தடவை அழுத்துவான். டேங்கில் மேலே விடும் காலியிடம் ஆவிக்காக விட்டது. அதையும் நிரப்பினால் ஆவி போக வேண்டிய குழாயில் பெட்ரோலே போய்க் கரியை நனைத்துவிடும். நனைந்த கரி ஆவியைப் பிடிக்காது. பெட்ரோல் போட்டவுடன் வண்டி கிளம்ப மக்கர் பண்ணினால், கூடவே வாடையும் அடித்தால், அந்த டப்பாவையும் அதன் வால்வையும் பார்க்கச் சொல்லுங்கள். துப்பாக்கி முதல் தடவை நின்றதும் "போதும் தம்பி" என்று சொல்லிவிட வேண்டும்.

அந்த வாடையால் தலைவலியும் குமட்டலும் மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். பெட்ரோலில் பென்சீன் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அதை மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள்களின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குழந்தைகளை அதற்குள் வைத்து ஓட்டுகிறோம். கசிவு தீரும் வரை கண்ணாடியை இறக்கிவிட்டு ஒர்க்ஷாப் வரை போங்கள், அதற்கு மேல் வேண்டாம். சொட்டுவது கண்ணுக்கே தெரிந்தால் சாவியையே போடாதீர்கள். மெக்கானிக்கை வண்டி இருக்கும் இடத்துக்கு அழைத்து வாருங்கள். வீட்டுக்கு அடியில், சமையலறைக்குப் பக்கத்தில், ஜெனரேட்டருக்கு அருகில் நிறுத்தாதீர்கள்.

ஆசிரியர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஊதுவத்திக் குறிப்பு தவறு என்று, அது வந்த அதே இடத்தில், வரும் ஞாயிறே ஒரு வரி போடுங்கள். இன்னொன்றும் உண்டு. உங்கள் பக்கம் இப்போது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல்தான் போடுகிறார்கள் என்று மதுரையில் இருக்கும் என் மைத்துனர் சொல்கிறார். எத்தனாலுக்கென்று செய்யாத பழைய ரப்பர், அதில் ஊறி உப்பியும் வெடித்தும் போகும். அவரிடம் இருப்பது பழைய கார். அந்த மாதிரி வண்டி வைத்திருப்பவர்கள் எந்த ஹோஸை, எந்த பேக்கிங்கை மாற்ற வேண்டும் என்று உங்கள் ஊர் மெக்கானிக் ஒருவரைக் கேட்டு விரிவாக எழுதுங்கள். நான் அதைக் கைப்பேசியில் எடுத்து வைத்து அவருக்கும் அனுப்புவேன், சயாவுக்கும் படித்துச் சொல்வேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன், ஓய்வுபெற்ற லைன் கார் டிரைவர்,
தாம்வே, ரங்கூன்.